சேமஅச்சும் ஸ்டெப்னியும்: ஒரு பழைய மெட்டடாரோடு கல்வராயன் மலைக்கு

சித்தப்பாவின் மெட்டடார் வேன் பதினோரு வருஷமாகக் கள்ளக்குறிச்சி வீட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றது. சித்தி அதில் விறகு அடுக்கினார். கோழிகள் டிரைவர் சீட்டில் முட்டையிட்டன. வண்டி 1991இல் வாங்கியது. அப்போது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டம். ஒரே வண்டி, ஒரே வீடு, மூன்று மாவட்டம். இதில் கடைசி மாவட்டத்துக்கு வண்டி நின்ற இடத்திலிருந்தே போய்ச் சேர்ந்துவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு என் வேலையில் பாதி நாள் வீட்டிலிருந்தே. லேப்டாப்பும் சிக்னலும் இருந்தால் போதும், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாக்காரர்கள் பழைய வேனை வீடாக்கி, கரண்ட் கம்பி இல்லாத காட்டில் வாரக்கணக்கில் தங்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. வேன் வீட்டிலேயே இருக்கிறது. மலை நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இவ்வளவுதான் ஆரம்பம். வழக்கம்போல வேலையைத் தொடங்கும் முன் படிக்கத் தொடங்கிவிட்டேன். அதனால் மூன்று மாசத்தில் முடிய வேண்டியது ஒன்றரை வருஷம் ஆனது.

முதலில் வண்டியின் ஜாதகம். எல்லோரும் வீடு போன்ற வேன் என்றால் ஃபோக்ஸ்வேகன் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். 1947 ஏப்ரலில் பென் பான் என்ற டச்சு வியாபாரி நோட்டில் கிறுக்கிய படம், 1950 மார்ச்சில் வண்டியாக வெளிவந்தது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் கட்டிலும் அலமாரியும் வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம், 1949இல், ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனி மெட்டடார் என்று ஒரு வேனை விற்க ஆரம்பித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு எஞ்சின் கொடுத்ததே ஃபோக்ஸ்வேகன்தான். தன்னுடைய பஸ் ஓடத் தொடங்கியதும் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. டெம்போக்காரர்கள் வேறு எஞ்சின் தேடி அலைந்தார்கள். பிறகு ஹானோமாக் கம்பெனி டெம்போவை விழுங்கியது, ஹானோமாக்கை டைம்லர்-பென்ஸ் விழுங்கியது. அறுபதுகளில் வரைந்த அந்த வேன் கடைசியில் மெர்சிடஸ் நட்சத்திரத்தோடு 1977 வரை ஜெர்மனியில் ஓடி ஓய்ந்தது.

இங்கே ஓயவில்லை. 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ முதலில் மூன்று சக்கர வண்டியைச் செய்தது, பிறகு மெட்டடார் வேனை. 2005இல் கம்பெனி தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டுவிட்டது, ஆனால் ஹாம்பர்க் கம்பெனியின் பெயர் தமிழில் தங்கிவிட்டது. இன்றைக்கு யார் செய்த சின்ன சரக்கு வண்டியானாலும் "டெம்போ வெச்சு சாமான் ஏத்திட்டேன்" என்கிறோம். சென்னைக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 'ஸ்டாண்டர்ட் 20' என்று ஒரு வேனைச் செய்துகொண்டிருந்தது. அது மறைந்துபோனது. மெட்டடார்தான் கல்யாண வண்டி, ஸ்கூல் வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி, பேப்பர் வண்டி எல்லாமாக இருந்தது.

இந்த வம்சாவளியில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரு விஷயம்: மெட்டடாருக்கு முன்சக்கரம்தான் இழுக்கும். நம்ம ஊர் வேன், லாரிகளில் பெரும்பாலும் பின்சக்கரம் தள்ளும். எஞ்சினிலிருந்து பின்னாடி வரை ஒரு நீள ஷாஃப்ட் போகும். மெட்டடாரில் அது கிடையாது. அதனால் தளம் தாழ்வாக, தட்டையாக இருக்கும். நோயாளியை ஏற்றுவதற்கும் மூட்டையைத் தள்ளுவதற்கும் அருமை. கட்டில் போடுவதற்கும் அருமை என்று நான் நினைத்தேன். இதற்கு ஒரு விலை உண்டு என்பது பிறகு மலையில் தெரிந்தது.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர், ஊரில் எல்லோருக்கும் பாய். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சுத்தியலால் அங்கங்கே தட்டினார். "தம்பி, எஞ்சின் பொழச்சுக்கும். பாடிதான் பாதி பட்டி, பாதி துரு" என்றார். அப்படியே இருந்தது. டீசல் பம்பையும் நாசிலையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஹீட்டர் பிளக் நாலும் மாற்றி, புது பேட்டரி போட்டதும் மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆனது. வேப்பமரம் முழுக்கக் கரும்புகை. மெர்சிடஸ் வழிவந்த இந்தப் பழைய டீசல் எஞ்சின்களில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. காற்றும் டீசலும் சரியான நேரத்தில் சந்தித்தால் ஓடும். முப்பது வருஷத்துப் பழைய சாஃப்ட்வேரை இன்று ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

துருதான் ஆளைக் கொன்றது. தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய ஐந்து வாரம். வெட்டும்போது பழைய ரப்பர் மேட்டுக்கு அடியிலிருந்து நாலைந்து கடுக்காய், ஒரு இருபது பைசா, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு ஒன்று கிடைத்தன. சீட்டில் பெயர் அழிந்துவிட்டது. வருஷம் மட்டும் 96 என்று தெரிந்தது. கடுக்காய் புரிந்தது, கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்குகிற சரக்கில் அது முக்கியமானது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் வரைந்து வைத்திருந்த பிளானில் இடதுபக்க பெஞ்சை வெட்டி எடுத்துவிட்டு அங்கே சமையல் மேடை. பாய் வெல்டிங் செட்டைக் கொண்டுவந்தபோது சித்தப்பா மட்டும் "அத வெட்டணுமாடா?" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பெஞ்சை அளந்தேன், ஆறடி இரண்டு அங்குலம். மற்ற பெஞ்ச் எல்லாம் கம்பெனி சைஸ். இது மட்டும் பிறகு வெல்டு செய்து நீட்டியது.

அப்புறம்தான் கதை வந்தது, ஒரே நாளில் இல்லை, துண்டு துண்டாக. தொண்ணூறுகளில் மலைமேல் இருக்கிற பல ஊர்களுக்கு வண்டி போகிற பாதை இல்லை. உடம்பு முடியாதவர்களை மூங்கிலில் தூளி கட்டி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, தார் ரோடு இருக்கிற இடம் வரை இறக்குவார்கள். கச்சிராயபாளையம் பக்கம் சவாரிக்கு நிற்கும் வண்டிகளில் ஒன்று இது. தூளியிலிருந்து இறக்கினவரை முழங்காலை மடக்காமல் படுக்க வைக்க ஒரு பெஞ்ச் நீளமாக வேண்டும் என்று சித்தப்பாவே செலவு செய்து நீட்டியிருக்கிறார். எத்தனை பேர் என்று கேட்டேன். "எத்தனையோ பேரு. பாதிப் பேரு நல்லபடியா திரும்புனாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "பொணத்துக்கு நான் வாடகை வாங்குனதில்ல" என்றார்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியில் மாட்டுவார்கள்: எந்த வருஷத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது? கம்பெனியிலிருந்து வந்த நாளுக்கா, கடைசியாக ஓடிய நாளுக்கா? கோயில் திருப்பணியிலும் இதே சண்டைதான். சோழர் காலச் சுவரைக் காட்டுவதற்காக நாயக்கர் காலப் பூச்சைச் சுரண்டலாமா என்று. கம்பெனி ஃபோட்டோவில் அந்த நீள பெஞ்ச் கிடையாது. சுத்தமான ரெஸ்டோரேஷன் என்றால் அது 'பிழை'. நான் அந்தப் பிழையை வைத்துக்கொண்டேன். இப்போது அதுதான் என் கட்டில். சமையல் மேடை எதிர்ப்பக்கம் போனது.

பெஞ்ச் விஷயத்துக்குப் பிறகு என் வாசிப்பும் திசை மாறியது. அதுவரை கேம்பர் வேனின் வரலாற்றை வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் படித்திருந்தேன். அந்த வரலாறு பொதுவாக 1885இல் தொடங்கும். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், கடற்படையில் வேலை பார்த்தவர், பிரிஸ்டல் வேகன் கம்பெனியில் 'வாண்டரர்' என்று ஒரு வீட்டு வண்டி செய்யச் சொன்னார். மஹாகனி மரம், சுமார் இரண்டு டன் எடை, இரண்டு குதிரை. ஊர் ஊராகச் சும்மா சுற்றிப் பார்க்க மட்டுமே செய்த முதல் வண்டி என்று அதைச் சொல்வார்கள். குறுகலான ரோட்டில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க, அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம். அதற்கும் ஐந்து வருஷம் முன்பே, 1880இல், ஜூல் வெர்ன் நீராவியால் ஓடும் வீடு ஒன்றைக் கதையில் ஓட்டிவிட்டார். கதை நடப்பது இந்தியாவில். வீட்டை இழுப்பது இரும்பு யானை. அதைச் செய்தவர் ஒரு எஞ்சினியர் என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். கற்பனை மட்டும் இல்லை, 1870களிலேயே கிராம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி வடஇந்தியாவில் ரோட்டில் நீராவி வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர். நம் வீட்டு ஃபேனில் இருப்பது அவர் பெயர்தான்.

ஆனால் வண்டியில் குடும்பம் நடத்துவதற்கு நமக்கு ஸ்டேபிள்ஸ் தேவையே இல்லை. சங்க இலக்கியத்தில் உமணர் இருக்கிறார்கள். கடற்கரையில் உப்பை வாங்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, மலைநாடு வரை கொண்டுபோய் விற்றவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி பாகம் பாகமாக வர்ணிக்கப்பட்டிருக்கிறது. சக்கரம், அச்சு, மேலே வேய்ந்த கூரை, முன்பக்கம் தொங்கும் காடிப் பானை, கோழி அடையும் கூடு. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். சமையல் உண்டு, கூரை உண்டு, வளர்ப்புப் பறவை உண்டு. கோழிக்கூட்டைப் படித்ததும் எங்கள் டிரைவர் சீட்டு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சித்திதான் மரபைச் சரியாகக் காப்பாற்றியிருக்கிறார்.

புறநானூற்று 102ஆம் பாட்டு இன்னும் நுட்பம். ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். எதற்கு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள்: மேடும் பள்ளமும் வரும், என்ன நடக்கும் என்று தெரியாது என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் சேமஅச்சுக்கு. அதாவது ஸ்டெப்னிக்கு. ராஜகுமாரனை ஸ்பேர் பார்ட்ஸோடு ஒப்பிட்ட புலவர் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாரா தெரியவில்லை. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. இந்தப் பக்கம் திருக்கோவிலூர் மலையமான் நாடு. நடுவில் நிற்பதுதான் கல்வராயன். இந்த நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு, உப்பு வண்டியின் அச்சு எங்கே முறிந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஸ்டேபிள்ஸ் சுற்றிப் பார்க்கப் போனார். உமணர் பிழைக்கப் போனார்கள். நம் வரலாற்றில் வண்டி வீடு என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு, அது சர்க்கார் வகை. வெள்ளைக்கார கலெக்டர் வருஷத்தில் பல மாதம் முகாமில்தான் இருப்பார். கூடாரம் இரண்டு செட். ஒன்றில் துரை தூங்கும்போதே இன்னொன்று ராத்திரியோடு ராத்திரியாக மாட்டு வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். காலையில் துரை குதிரையில் போய் இறங்கும்போது மேஜை நாற்காலி போட்டு, டிபன் ரெடியாக இருக்கும். வண்டியும் ஆளும் கொடுக்க வேண்டியது கிராமத்துக்காரர்கள். முகாம், டேரா, ஜமாபந்தி என்று அந்த நாடோடி ஆட்சியின் சொற்கள் தாலுகா ஆபீசில் இன்றும் இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் சரக்கு மாறியது. 1905இல் ரயில்வே கிளார்க்காக இருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்; எஸ்.ஆர். ரங்கநாதன் ஊக்குவித்த காரியம். பெரியார் தள்ளாத வயதில் வேனிலேயே தமிழ்நாடு முழுக்கச் சுற்றினார். 1982இல் கட்சி தொடங்கிய என்.டி. ராமாராவ், பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி அமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து, அதிலேயே தூங்கி, ரோட்டோரம் குளித்து, மாசக்கணக்கில் ஆந்திராவைச் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா டிரைவர். என் கணக்கில் இந்தியாவில் அதிகப் பலன் தந்த கேம்பர் வேன் அதுதான். 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆகிவிட்டார். கேரவன் என்ற சொல் பாரசீகத்தில் வணிகர் கூட்டம். இங்கிலாந்தில் அது சக்கர வீடாகி, கோடம்பாக்கத்தில் ஹீரோவின் ஏசி அறையாகி நிற்கிறது. நான் கேரவன் கட்டுகிறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அத்தை எந்த நடிகருக்கு என்று கேட்டார்.

வேலைக்கு வருகிறேன். சட்டத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூரையை வெட்டி உயர்த்துவது, ஆக்சிலைத் தள்ளுவது போன்ற யூடியூப் வித்தைகள் வேண்டாம். என் மேடை, பெட்டி எல்லாம் சீட் போல்ட்டுகளிலேயே உட்கார்கின்றன, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

கரண்ட். இதில்தான் 'அப்கிரேட்' முழுக்க இருக்கிறது. லேப்டாப், சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். கூரைமேல் 200 வாட் சோலார் பேனல் இரண்டு. நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட் வரை கிடைக்கிறது. ஐப்பசி கார்த்திகை மேகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. சேமிக்க 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு. இரண்டரை யூனிட் பிடிக்கும். பழைய ஆல்டர்னேட்டரோடு இதை நேரடியாக இணைத்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி பசித்த பிள்ளை மாதிரி கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் கருகிவிடும். நடுவில் 20 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்திருக்கிறேன். இன்னொன்று, எந்தப் புத்தகமும் சொல்லாதது: ஆளுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் தினமும் பஞ்சாயத்து.

இந்த பேட்டரியில் ஒரு தமிழ்க் கை இருக்கிறது. பேட்டரிக்குள் இரும்பு பாஸ்பேட் வேலை செய்யும் என்று 1997இல் கட்டுரை எழுதியவர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப். அதற்கு வழி திறந்தது, இரும்பு சல்ஃபேட் போன்ற சேர்மங்களை வைத்து எண்பதுகளின் கடைசியில் குட்இனஃபோடு ஆறுமுகம் மந்திரம் செய்த வேலை. தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்து டெக்சாஸ் போனவர். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, தொண்ணூற்று ஏழு வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையைப் படித்தவரும் மந்திரம்தான்.

போன டிசம்பரில் முதல் தடவை மலைக்குக் கிளம்பினேன், தனியாக. கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கி நாலாவது வளைவு. முந்தின நாள் தூறல், ரோட்டில் மண் வழிந்திருந்தது. வண்டி நின்றது, முன்சக்கரம் மட்டும் சுற்றுகிறது, டயர் வாசனை வருகிறது, வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வழுக்குகிறது. கல்லை முட்டுக்கொடுத்து இறங்கிப் பார்த்தபோது கை நடுங்கியது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் உதவியோடு ரிவர்ஸிலேயே கீழே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சித்தப்பா ஒரே கேள்வி கேட்டார்: "தண்ணி டேங்க எங்க வெச்ச?" எண்பது லிட்டர் டேங்க், பேட்டரிப் பெட்டி, கேஸ் அடுப்பு எல்லாம் அழகாகப் பின்பக்கம் அடுக்கியிருந்தேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில், ஏற்றத்தில் எடை ஏற்கெனவே பின்னால் சாய்கிறது; நான் அதற்குமேல் நூற்றைம்பது கிலோவைப் பின்னால் ஏற்றி முன்சக்கரத்தின் பிடிமானத்தைத் தூக்கிவிட்டேன். பிஇ படித்த எனக்கு இது ஒரு பக்கக் கணக்கு, போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் அந்தக் காலத்தில் வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை முன்னால் தள்ளி உட்காரச் சொல்வாராம். மூட்டை என்றால் முன்னுக்கு நகர்த்துவாராம். நோயாளியின் தலை எப்போதும் டிரைவர் பக்கம். நீள பெஞ்ச் ஏன் முன்னாடியே தொடங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

டேங்கும் பேட்டரியும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்தன. பிப்ரவரியில் மறுபடி கிளம்பினோம், இந்தத் தடவை சித்தப்பாவும். அதே வளைவில் வண்டி முனகியபடி ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கல்வராயனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன்; பெரிய கல்வராயன் சராசரி நாலாயிரம் அடி. இங்கே வாழ்கிற மலையாளி பழங்குடியினர், கேரளக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி மலையேறியதாக அவர்கள் மரபு சொல்கிறது. மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து, ஜமீன்கள் ஒழிந்து, எல்லாம் ஆன பிறகும் இந்த ஜாகிர்கள் நீடித்தன. 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை நில அளவை இல்லை, பட்டா இல்லை. ஏருக்கு இவ்வளவு என்று ஜாகிர்தாருக்கு வரி, அதற்குமேல் ஊழியம். ஃபோக்ஸ்வேகன் வேன்கள் ஐரோப்பாவிலிருந்து காத்மண்டுவுக்கு ஹிப்பிகளை ஏற்றிக்கொண்டு வந்த அதே வருஷங்களில், எங்கள் ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலை இப்படி இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த விசாரணையிலும் ரோடு, பஸ், ஆஸ்பத்திரிதான் பேச்சு.

வெள்ளிமலை தாண்டி ஒரு ஊருக்குப் பக்கத்தில், கேட்டுக்கொண்டு, ஒருவருடைய தரிசில் வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். எழுபது வயசு இருக்கிற ஒரு பெரியவர் பேனலைக் காட்டி, "இதுல மிக்சி ஓடுமா?" என்றார். ஓடும், கொஞ்ச நேரம் என்றேன். "எங்க ஊருக்கு லைன் வந்தப்ப எம் மூத்த பொண்ணுக்குக் கல்யாண வயசு சார். இப்ப லைன் இருக்கு, காத்தடிச்சா ரெண்டு நாளைக்கு இருக்காது. நீங்க லைன் வேணாம்னு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். கிண்டலா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத சிரிப்பு. ஆஃப்-கிரிட் என்ற வார்த்தையை நான் அதற்கப்புறம் அங்கே இருந்த மூன்று நாளும் உச்சரிக்கவில்லை. நாலு பேருடைய செல்போன் என் இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து பெஞ்சைக் கையால் தடவினார். "இது மாதிரி வண்டியிலதான் எங்கம்மாவ கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். தூளியில இருந்து எறக்கி இப்படிப் படுக்க வெச்சு" என்றார். எந்த வருஷம் என்று நான் கேட்டேன். அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் எத்தனையோ மெட்டடார் நின்றிருக்கும். அம்மா திரும்பி வந்தாரா என்று நான் கேட்கவில்லை. சித்தப்பா அடுப்பில் டீத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார், திரும்பாமலே, "சக்கர போடலாமா அண்ணே?" என்று அவரைக் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி நீள பெஞ்சில் படுக்கச் சொன்னதற்குச் சித்தப்பா மறுத்துவிட்டார். டிரைவர் சீட்டைச் சாய்த்து, துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். பெஞ்சில் நான் படுத்தேன், தலை டிரைவர் பக்கம்.

இறங்கி வரும்போது வலது முன்சக்கர ட்ரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பாய் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டி, "இது மலைக்குத் தாங்காது தம்பி, ஊருக்குள்ள ஓட்டிக்க" என்றார். ஒரிஜினல் பூட் இரண்டு புனேயிலிருந்து வரவேண்டும். ஒன்று மாட்டுவதற்கு, ஒன்று வண்டிக்கடியில் கட்டி வைப்பதற்கு. வந்ததும் இந்தத் தடவை சேலம் பக்கமாக, கருமந்துறை வழியில் ஏறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.